செஞ்ஞாயிறும் பெனிசிலினும்

இலக்கியம் பேசுகிற இடத்தில் கணிப்பொறியைக் கொண்டுவந்து வைப்பதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பிழைப்புக்கு நிரல் எழுதுகிறவன், மாலையில் வாசிக்கிறவன். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று கலக்கவிடாமல் வைத்துக்கொள்வதில் எனக்கு ஒருவிதப் பிடிவாதம் உண்டு. நிரலைக் கவிதை என்பவர்களையும், கவிதையை நிரல் என்பவர்களையும் சற்று ஐயத்தோடுதான் பார்த்துவந்திருக்கிறேன். அண்மையில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு வாசிக்கத் தொடங்கினோம். கிளவியாக்கத்தில் ஒரு சூத்திரத்துக்கு வந்தபோது அந்தப் பிடிவாதம் சட்டென்று தளர்ந்துபோயிற்று. மற்ற மூவரும் அடுத்த சூத்திரத்துக்குப் போய்விட்டார்கள். நான் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மருத்துவமனையில் உட்கார்ந்திருந்த இரவுக்குப் போய்விட்டேன்.

சூத்திரத்தின் பொருள் எளிது. ஒரு பெயருக்கு முன் பண்பைச் சொல்லும் அடை வந்தால், அது அப்பொருளை அதன் இனத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும். செந்தாமரை என்கிறோம். வெண்தாமரையும் உலகில் உண்டு. ஆகவே செம்மை என்ற சொல் அங்கே ஒரு வேலையைச் செய்கிறது, இது அதுவன்று என்கிறது. ஆனால் செஞ்ஞாயிறு என்றால்? வெண்ஞாயிறு, கருஞாயிறு என்று வேறு ஞாயிறுகள் இல்லை. அந்தச் செம்மை எதையும் எதிலிருந்தும் பிரிப்பதில்லை. இத்தகைய இனஞ்சுட்டாத அடை வழக்குக்கு உரியதன்று, செய்யுளுக்கே உரியது என்பது தொல்காப்பியர் தீர்ப்பு. செய்யுளில் அது அழகு. அன்றாட வழக்கில் அது வெறும் ஓசை.

இனி என் கதை.

2009இல் நான் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். தென்மாவட்டத்து நகரமொன்றில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு உள்நோயாளிகள் பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றித் தரும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. எந்தப் படுக்கையில் யார், என்ன உணவு, எந்த மருத்துவர், எந்த மருந்து ஒவ்வாது என்பனவற்றையெல்லாம் வார்டில் இருக்கும் திரையில் காட்ட வேண்டும். பைத்தான் மொழியில் எழுதினோம். நோயாளியைக் குறிக்கும் பகுதியை எழுதியவன் நான். அதில் ஒரு வரியை எழுதவேண்டிய இடத்தில் எழுதாமல், ஐந்து வரிகள் மேலே எழுதிவிட்டேன்.

இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் பாடம் நடத்தியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். பொருள்நோக்கு நிரலாக்கத்தில் முதலில் ‘கிளாஸ்’ ஒன்றை வரையறுக்கிறோம். பிறகு அதிலிருந்து எத்தனை வேண்டுமோ அத்தனை ‘இன்ஸ்டன்ஸ்’களை உருவாக்குகிறோம். நோயாளி என்பது கிளாஸ். ஏழாம் படுக்கையில் இருப்பவர் இன்ஸ்டன்ஸ். தமிழ்நாட்டு மேல்நிலைப் பாடநூல் கிளாஸுக்கு ‘இனக்குழு’ என்ற சொல்லைத் தந்திருக்கிறது. கைலாசபதியையும் சிவத்தம்பியையும் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லைக் கண்டதும் மலையும் வேட்டையும் வெட்சிப்பூவும் நினைவுக்கு வருமே தவிர கணிப்பொறி வராது. நான் இங்கே ‘இனம்’ என்றும் ‘உரு’ என்றும் எழுதுகிறேன். அட்ரிப்யூட் என்பதற்குப் ‘பண்பு’ என்ற சொல்லே போதும்; இலக்கணக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பண்பு இரண்டு இடங்களில் குடியிருக்கலாம். இனத்தின்மேல் எழுதினால் அது எல்லா உருக்களுக்கும் பொது. உருவின்மேல் எழுதினால் அந்த ஒருவருக்கு மட்டும் உரியது. மருத்துவமனையின் பெயர் இனப்பண்பு, நோயாளியின் வயது உருப்பண்பு. இவ்வளவில் குழப்பமே இல்லை. குழப்பம், தேடும் முறையில் வருகிறது. ஏழாம் படுக்கைக்காரரின் ‘உணவு’ என்ன என்று பைத்தானிடம் கேட்டால், முதலில் அவருடைய சொந்தப் பண்புகளுக்குள் தேடும். அங்கே இல்லையென்றால் இனத்தின் பண்புகளுக்குள் தேடும். அங்கும் இல்லையென்றால் அந்த இனத்தின் மூதாதை இனங்களுக்குப் போகும். கிடைத்த பதில் எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றுபோலவே தோற்றமளிக்கும்.

கூட்டுக் குடும்பத்து அடுக்களையை நினைத்துக்கொள்ளலாம். உப்பு வேண்டுமென்றால் தன் அலமாரியில் முதலில் பார்க்கிற மருமகள், இல்லையென்றால் நடுவில் இருக்கும் பொது ஜாடியில் எடுத்துக்கொள்கிறாள். ஒருநாள் அவள் இந்துப்பு வாங்கி வந்து, ‘உப்பு’ என்று எழுதிய புது ஜாடி ஒன்றில் போட்டுத் தன் அலமாரியில் வைக்கிறாள் என்று கொள்வோம். அன்று முதல் அவளுக்குக் கிடைப்பது இந்துப்பு. மற்றவர்களுக்குப் பழைய உப்பு. யாருக்கும் சேதமில்லை. மாறாக, அவள் தன் பங்கைப் பொது ஜாடியிலேயே கொட்டினால் வீட்டில் எல்லோருடைய குழம்பிலும் அது விழும். பைத்தானில் ஒரு பண்புக்குப் புது மதிப்பை இடுவது முதல் வகை. இருக்கிற பட்டியலில் ஒன்றைச் சேர்ப்பது இரண்டாம் வகை. எழுதும்போது இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

நான் செய்தது இதுதான். ‘உணவு’ என்ற பண்பை இனத்தின்மேல் ‘சாதாரண உணவு’ என்று எழுதிவைத்தேன். மருத்துவர் யாருக்காவது உப்பில்லா உணவு சொன்னால், அந்த உருவுக்குப் புது மதிப்பு இடப்படும். மற்றவர்களுக்குச் சாதாரண உணவு தொடரும். மிக ஒழுங்காக வேலை செய்தது. உள்ளபடியே, எனக்குச் சிறிது பெருமையாகவும் இருந்தது. இதே பாணியில் இன்னும் நான்கைந்து பண்புகளை எழுதினேன். எல்லாம் சரியாக நடந்தன. பிறகு ‘ஒவ்வாமைகள்’ என்று எழுதி, அதற்கு எதிரே ஒரு வெற்றுப் பட்டியலை வைத்தேன். தரவுத்தளத்திலிருந்து நோயாளியின் ஒவ்வாமைகளைப் படித்து ஒவ்வொன்றாக அந்தப் பட்டியலில் சேர்க்கும்படி எழுதினேன். பட்டியல் ஒன்றுதான் இருந்தது. அது இனத்தின்மேல் இருந்தது. எந்த நோயாளிக்குச் சேர்த்தாலும் அதிலேயே விழுந்தது.

ஏன் சோதனையில் அகப்படவில்லை என்று கேட்பீர்கள். அகப்பட்டது. அதுதான் இன்றும் உறுத்துகிறது. ஒரே நோயாளியின் பக்கத்தை இருமுறை திறந்தபோது ‘பெனிசிலின், பெனிசிலின்’ என்று இருமுறை வந்தது. தரவுத்தளக் கேள்வியில் ஏதோ இரட்டிப்பு என்று எண்ணி, திரையில் காட்டுவதற்கு முன் இரட்டைகளை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்தேன். திரை சுத்தமாயிற்று. நோய்க்குறியை மறைத்துவிட்டு நோய் தீர்ந்ததென்று நம்பிவிட்டேன். மருத்துவமனைக்கு எழுதிய மென்பொருளில் இதைச் செய்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் முறையீடு வந்தது. எல்லா நோயாளிக்கும் ஒரே ஒவ்வாமைகளைக் காட்டுகிறது என்றார்கள். பதிவு செய்பவர்களின் தவறாக இருக்கும் என்று எங்கள் அலுவலகத்தில் முடிவு செய்யப்பட்டது. தரவுத்தளத்தைத் தொலைவிலிருந்து பார்த்தோம். அதில் எல்லாம் சரியாகவே இருந்தது. (சரியாகத்தான் இருக்கும். பட்டியல் கலந்தது நிரல் ஓடும்போது நினைவகத்தில் மட்டுமே. இரவில் காப்புப்பிரதி எடுக்கும்போது நிரல் நின்று மறுபடி தொடங்கும். பொது ஜாடி காலியாகிவிடும்.) முறையீட்டை மூடினோம்.

மூன்றாம் மாதம் இன்னொரு தொலைபேசி வந்தது. இம்முறை பேசியவரின் குரல் வேறுமாதிரி இருந்தது. அன்றிரவே என்னைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

நடந்தது இது. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, அறுவைக்குப் பின் காய்ச்சலோடு இருந்தாள். பணியிலிருந்த மருத்துவர் ஆம்பிசிலின் எழுதினார். அது பெனிசிலின் குடும்பத்து மருந்து. அவளுக்குப் பெனிசிலின் ஆகாது என்று சேர்க்கையின்போதே பதிவாகியிருந்தது. திரையிலும் சிவப்பு எழுத்தில் இருந்தது. ஆனால் அந்த வார்டில் முப்பத்தொரு பேருக்கும் அதே சிவப்பு எழுத்து இருந்தது. செவிலியர் தோலில் சோதனை மருந்து ஏற்ற ஊசியை எடுத்தபோது, அருகில் இருந்த தாய், “அம்மா, இவளுக்கு அந்த ஊசி ஆகாதும்மா, சின்ன வயசுல போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி மூச்சு நின்னு போச்சு” என்று கையைப் பிடித்திருக்கிறார். ஊசி திரும்பிப் போயிற்று. அந்த அம்மாள் அந்நேரம் தேநீர் வாங்கக் கீழே இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

நான் போனபோது வார்டின் மூத்த சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

“காலையில நல்லாத்தான் சார் இருக்கும். பதினோரு மணிக்கு மேலதான் எல்லாருக்கும் ஒண்ணுபோல வரும்.”

“அப்போ நீங்க என்ன செய்வீங்க சிஸ்டர்?”

“என்ன செய்யறது? எல்லாருக்கும் போட்டிருக்குன்னா யாருக்குன்னு பாக்கிறது? நாங்க அதைப் பாக்கிறதை விட்டுட்டோம்.”

சேனாவரையரிடம் பாடம் கேட்டதில்லை அவர். ஆனால் இனஞ்சுட்டாத அடை வழக்குக்கு ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. முப்பத்தொரு பேருக்கும் எழுதப்பட்ட ‘பெனிசிலின் ஆகாது’ என்பது செஞ்ஞாயிற்றின் செம்மைபோல எவரையும் எவரிடமிருந்தும் பிரிக்காமல் திரையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பொய்யான எச்சரிக்கை முப்பது பேருக்கு இருந்தது பெரிய தீங்கன்று. அவர்களுக்கு வேறு மருந்து கொடுத்துவிடலாம். உண்மையான எச்சரிக்கை ஒன்று அந்த முப்பதுக்குள் கரைந்துபோனதே தீங்கு. கணிப்பொறி வருவதற்கு முன் அங்கே நோயாளியின் கோப்பு அட்டையில் சிவப்புப் பேனாவால் எழுதிவைப்பார்களாம். திரை வந்தபிறகு அது இரட்டை வேலை என்று நிர்வாகம் நிறுத்திவிட்டிருந்தது.

பகல் முழுவதும் செவிலியர் அறையின் மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். பதினொன்று என்பதில் மர்மம் ஏதுமில்லை. மருத்துவர்கள் சுற்றுக்கு வரும்போது ஒவ்வொரு நோயாளியின் பக்கமாகத் திறப்பார்கள். திறக்கத் திறக்கப் பொதுப் பட்டியல் நிறைந்துகொண்டே வரும். சுற்று முடிய ஏறக்குறைய பதினொன்று ஆகும். பைத்தானில் ஒரு பொருளின் அடையாள எண்ணைக் கேட்டுப் பெறும் வசதி உண்டு. முப்பத்தொரு நோயாளிகளின் ஒவ்வாமைப் பட்டியல்களுக்கும் அந்த எண்ணை அச்சிட்டுப் பார்த்தேன். முப்பத்தொரு வரிகளிலும் ஒரே எண். அந்தப் பக்கம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. பிழையைக் கண்டுபிடித்தால் நிரலாளனுக்கு வரும் மகிழ்ச்சி அன்று வரவில்லை.

வராந்தாவில் அந்தப் பெண்ணின் தாயைப் பார்த்தேன். இன்னாரென்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் மடிக்கணினியோடு கடந்து போனபோது, “கம்ப்யூட்டர் ரிப்பேரா தம்பி?” என்று கேட்டார். “ஆமாம்மா” என்றேன். “பாத்துச் செய்யுங்க” என்றார். அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை, பொதுவாகச் சொன்னது. நான் யாரென்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நிறுவனத்துக்குச் சிக்கல் வரும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம் இப்போது எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

இனமும் உருவும் என்ற இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னாளில் தேடிப் படித்தேன். ஆஸ்லோவில் நார்வே கணிப்பு மையத்தில் ஓலே-யோஹான் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67 என்ற மொழியில் இன்றைய பொருளில் கிளாஸ் பிறந்தது. உலகத்து நடப்புகளைக் கணிப்பொறிக்குள் நடத்திப் பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். பெயரே அதைச் சொல்கிறது. வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ‘வாடிக்கையாளர்’ என்ற ஓர் இனம், ஆனால் ஒவ்வொருவரும் வந்த நேரம் வேறு, காத்திருக்கும் காலம் வேறு. இருவருக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2002இல் இருவருமே காலமானார்கள். அடுத்து வந்த ஸ்மால்டாக் இனத்தின் மாறிகளையும் உருவின் மாறிகளையும் தனித்தனியாக அறிவிக்கச் சொன்னது. ஜாவாவில் பொதுவானதற்கு முன்னால் ‘ஸ்டாட்டிக்’ என்று எழுதியாக வேண்டும். பைத்தானில் தனிச்சொல் இல்லை. எழுதும் இடமே எல்லாம். கிளாஸின் உடலில் எழுதினால் பொது, உரு பிறக்கும்போது ஓடும் வரிகளுக்குள் ‘செல்ஃப்’ என்ற முன்னொட்டோடு எழுதினால் தனி. நிரல் பகுதிகளை அடைப்புக்குறிகளால் பிரிக்காத, வரியின் உள்தள்ளலால் பொருள் மாறும் மொழி அது. யாப்பு தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

இதை மொழியின் குறை என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லமாட்டேன். ‘எல்லோருக்கும் சாதாரண உணவு, மாற்றிச் சொன்னவருக்கு மட்டும் வேறு’ என்பதை அத்தனை இயல்பாகச் சொல்ல முடிவது அந்தத் தேடல் முறையால்தான். ஆனாலும் 2018இல் வந்த பைத்தான் 3.7இல், டேட்டாகிளாஸ் என்ற புது ஏற்பாட்டில் ஒரு பண்புக்கு இயல்பு மதிப்பாக வெற்றுப் பட்டியலை நேரடியாக வைத்தால் மொழியே மறுத்துப் பிழை காட்டுகிறது. ஒவ்வோர் உருவுக்கும் புதுப் பட்டியல் செய்து தரும் வழியைப் பயன்படுத்தச் சொல்கிறது. அதை முதன்முதலில் கண்டபோது, என்னைப்போல் எத்தனை பேர் இடறி விழுந்திருந்தால் இப்படி ஒரு கைப்பிடிச் சுவரைக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மற்றபடி சாதாரண கிளாஸில் இன்றும் என் பழைய வரியை யாரும் எழுதலாம். பைத்தான் ஒன்றும் சொல்லாது.

போர்ஹேஸின் ஃபுனெஸை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மூன்று மணி பதினான்கு நிமிடத்துக்குப் பக்கவாட்டில் கண்ட நாய்க்கும், மூன்றே காலுக்கு முன்பக்கமாகக் கண்ட நாய்க்கும் ஒரே பெயர் இருப்பது அவனைத் தொந்தரவு செய்யும். அவனிடம் உருக்கள் மட்டுமே இருக்கின்றன. இனம் என்பதே இல்லை. எதையும் மறக்க முடியாததால் எதையும் பொதுவாக எண்ண முடியாதவன். என் நிரலுக்கு வந்தது ஃபுனெஸுக்கு நேரெதிரான வியாதி. ஒருவருக்கு நேர்ந்ததை இனம் முழுவதற்கும் நேர்ந்ததாக நினைவில் வைத்துக்கொண்டது. இரண்டாவது வியாதிதான் மனிதர்களிடம் அதிகம் காணப்படுகிறது என்று தோன்றுகிறது. என் அப்பாவை ஒருமுறை ஒரு ஊர்க்காரர் பணவிஷயத்தில் ஏமாற்றினார். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் அந்த ஊர்க்காரர் எவருக்கும் எங்கள் வீட்டில் காப்பி கிடைத்ததில்லை. சரி, அது வேறு கதை.

திருத்தம் ஒரு நிமிட வேலை. வரியை ஐந்து வரிகள் கீழே இறக்கி, முன்னால் ‘செல்ஃப்’ சேர்த்தேன். இரட்டைகளை நீக்கிய வரியை அழித்தேன். அந்த இரண்டாவது வேலையைச் செய்யும்போதுதான் கை நடுங்கியது. பிறகு இரவெல்லாம் உட்கார்ந்து, இனத்தின்மேல் நான் எழுதிவைத்திருந்த பண்புகள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது உண்மையில் எல்லோருக்கும் உரியதா, இவருக்கு மட்டும் உரியதா என்று கேட்டுக்கேட்டுப் பிரித்தேன். உணவையும்கூட உருவுக்கே கொடுத்துவிட்டேன். கடைசியில் இனத்தின்மேல் மருத்துவமனையின் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் மிஞ்சின.

மறுநாள் காலை சுற்று முடியும்வரை சிஸ்டரும் நானும் திரைக்கு முன்னால் காத்திருந்தோம். பதினொன்று ஆயிற்று. பதினொன்றே கால் ஆயிற்று. முப்பத்தொரு பெயர்களில் நான்கில் மட்டும் சிவப்பு இருந்தது. ஒருவருக்குச் சல்ஃபா, ஒருவருக்கு ஆஸ்பிரின், இருவருக்குப் பெனிசிலின். அந்தப் பெண்ணின் பெயர் அந்த இருவரில் ஒன்று. சிஸ்டர் நான்கு கோப்புகளையும் வரவழைத்துத் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நான்கு அட்டைகளிலும் எழுதினார்.

“நிர்வாகத்துல வேண்டாம்னு சொன்னாங்களே சிஸ்டர்?”

“சொன்னாங்க சார்” என்றார், பேனாவை மூடிக்கொண்டே.